இரண்டாவது தராசு

பீட்ரூட் பிடுங்கும் காலத்தில் கொழும்பு லொறிகள் கற்பிட்டிப் பக்கத்து எத்தாளைத் தோட்டங்களின் வாசலுக்கே வந்து நிற்கும். மூட்டையைத் தராசில் ஏற்றி, லொறிக்காரன் சொல்லும் நிறையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் ஊர் வழக்கம். நஃபீஸா மட்டும் அப்படிப் போகமாட்டாள். நிறுத்த மூட்டைகளில் ஒன்றை எடுத்து, பக்கத்துத் தோட்டத்து யாகப்புவின் தராசில் இன்னொரு தரம் வைத்துப் பார்ப்பாள். இரண்டும் ஒத்து வந்தால் பேசாமல் திரும்பி வருவாள். ஒத்து வராவிட்டால் அந்த லொறிக்காரன் அன்றைக்குப் படுகிற பாட்டை ஊரே வேலியோரம் நின்று பார்க்கும். "நஃபீஸா ராத்தா வாறா, ரெண்டாவது தராசயும் கொண்டாங்க" என்று அவர்கள் கேலி பண்ணுவார்கள். கேலிக்கெல்லாம் அசைகிற பெண்ணா அவள்?

அந்த மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு இரண்டு தோட்டங்களுக்கும் இடையில் நடப்பது அவளுடைய புருஷன் றஊப். முதுகு வலிக்கும், முணுமுணுப்பார், ஆனாலும் சுமப்பார். அவர் வேறு மாதிரி மனிதர். ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதோடு விட்டுவிடுவார். பஸ் வராது என்று யாராவது சொன்னால் நடக்கத் தொடங்கிவிடுவார். பின்னால் வருகிற பஸ் அவரைத் தாண்டிக்கொண்டு போகும். கலியாணம் பேசின காலத்தில், "பொடியன் நல்லவன்" என்று நஃபீஸாவின் அண்ணன் ஹாசிம் நானா வந்து சொன்ன பிறகும், அவள் தன் சாச்சியை அனுப்பி வேறோர் இடத்திலும் விசாரித்தாளாம். அவளுடைய இரண்டு தராசிலும் ஒரே நிறை காட்டிய மாப்பிள்ளை தான் மட்டுமே என்று றஊப் சமயம் வாய்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்வார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

பெருமைக்குக் காரணமும் இருந்தது. அவர்கள் மன்னாரில் குடியிருந்த தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று இயக்கம் உத்தரவிட்டபோது, கடற்கரையில் சனம் முண்டியடித்தது. முதலில் கிடைத்த வள்ளத்தில் றஊப் ஒரு காலை வைத்தும் விட்டார். வயிற்றில் மூத்த பிள்ளையோடு மணலில் நின்ற நஃபீஸா, அப்பால் வலை மடித்துக்கொண்டிருந்த அன்ரனிப்பிள்ளை என்ற மீனவரிடம் போய், "அண்ணே, இந்த வள்ளம் கற்பிட்டி வரைக்கும் போகுமா?" என்று கேட்டாள். அவர் வள்ளத்தையும் சனத்தையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேரோட போகாது தங்கச்சி. கொஞ்சம் பொறுங்கோ" என்றார். அவள் வந்து றஊபின் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அந்த வள்ளம் தண்ணீர் ஏறிப் பாதி வழியில் திரும்பி வந்தது. இவர்கள் அடுத்ததில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். மகள் ஸாஜிதா அகதி முகாமில் பிறந்தாள்.

சண்டை முடிந்த பிறகும் அதே கதைதான். "ஊர் அப்பிடியே இரிக்கு, திரும்பி வாங்க" என்று ஓர் உறவுக்காரர் ஃபோனில் சொன்னதும் றஊப் சாமான் கட்டத் தொடங்கினார். நஃபீஸா பஸ் ஏறி மன்னாருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கிணறு இரிக்கு. வீடிருந்த எடத்துல உடைமுள்ளு மரம் நிக்கிது. இந்தப் போகத்த முடிச்சிட்டு யோசிப்பம்" என்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ போகம் முடிந்துவிட்டது, யோசனைதான் இன்னும் முடியவில்லை.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை, தன் வாயால் சொன்னதைத் தானே நம்பிவிட்டாள்.

பீட்ரூட் போடுகிறவர்களின் வீட்டில், பிடுங்கும் காலம் முழுக்கச் சட்டியில் பீட்ரூட்தான். பிளந்ததும் கோணலும் லொறிக்குப் போகாது, அடுப்புக்குத்தான் வரும். கறி, சம்பல், கீரைச் சுண்டல் என்று ஏதோ ஒரு கோலத்தில் மூன்று வேளையும் சாப்பாட்டுக் கோப்பையில் அது இருக்கும். அந்த நாட்களில் சிறுநீராய்ப் போகிற சலம் சிவந்து வருவது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. யாரும் அதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. ஒருநாள் காலை றஊப் கக்கூசிலிருந்து வந்து, கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, "கொஞ்சம் கூடுதலாச் செவக்குது புள்ள" என்றார். நஃபீஸா கீரை அரிவதிலிருந்து கண்ணை எடுக்காமல், "பீட்ரூட்டுங்க" என்றாள்.

றஊபுக்கு அது போதும். பீட்ரூட் முடிந்து வெங்காயம் நட்டார்கள். சிவப்பு நின்றது, சில வாரம் கழித்து மறுபடியும் வந்தது, பிறகு நின்றது. சட்டியில் பீட்ரூட் இல்லாத நாளிலும் அது வருகிறதே என்று அவர் யோசிக்காமல் இல்லை. ஆனால் பெண்சாதியிடம் போய் இதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வது எப்படி? அவள்தான் ஒரு தரம் சொல்லிவிட்டாளே. இத்தனை வருஷமாகத் தின்ற பீட்ரூட் உடம்பில் ஊறிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு பீடியைப் பற்றவைத்து, தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போனார்.

கடைசியில் ஒருநாள் இரத்தம் கட்டிப்பட்டுச் சலம் அடைத்துக்கொண்டது. வேதனையில் கத்தியவரை முச்சக்கர வண்டியில் ஏற்றிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குழாய் போட்டுக் கழுவி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, சலப்பைக்குள் ஒரு கட்டி தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நஃபீஸா, "எப்ப இருந்துங்க?" என்று மட்டும் கேட்டாள். "நீ பீட்ரூட் எண்டு சொன்ன இல்லயா, அந்தக் காலத்துல இருந்து" என்று றஊப் சொன்னார். குற்றம் சொல்லவேண்டுமென்று அவர் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் றஊபுக்கு இவ்வளவு பயம் வந்திராது.

புத்தளம் நகரத்தில் ஃபோன் கடை வைத்திருந்த மருமகன் ஃபைஸல் சும்மா இருக்கிற பிள்ளை அல்ல. அங்கே இங்கே பேசி, அதே நகரத்துக் கொழும்பு வீதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் பெரிய டொக்டர் ஒருவரிடம் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனான். டொக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சலப்பையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்றார். பிறகு வயிற்றில் ஒரு வழி வைத்து, வெளியே ஒரு பை மாட்டிக்கொள்ள வேண்டும். பெருநாளைக்கு முன்னமே செய்துவிடலாம், பிந்தக்கூடாது. றஊப் தலையாட்டினார். தலை ஆடிக்கொண்டிருந்தபோதே அவர் மனது பள்ளிவாசலில் நின்றது. வயிற்றில் ஒரு பையோடு எப்படிக் கைகால் கழுவி வுழூ எடுப்பது, பக்கத்தில் நிற்பவரின் தோளோடு தோள் ஒட்டி எப்படித் தொழுவது என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் தலை ஆடியது.

நஃபீஸா முந்தாணியைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு கேட்டாள். "டொக்டர், இந்தக் கட்டிட பேர் என்ன?"

"எடுத்து அனுப்பினாத்தான் தெரியும் அம்மா."

"பேர் தெரியிறதுக்கு முந்தியே முழுசா எடுக்கிறதா?"

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "பாக்க நல்லதாத் தெரியல்ல. பீடி குடிக்கிற ஆள், இந்த வயசு. கூடுதலா இது கெட்டதாத்தான் இருக்கும். நீங்க பிந்தினா நான் பொறுப்பில்ல." அதற்குள் தாதி அடுத்த நோயாளியின் பேரைக் கூப்பிட்டுவிட்டாள்.

வான் வண்டியில் ஏறியதும் ஃபைஸல் வாய் திறந்தான். "மாமி, அவ்வளவு பெரிய ஆள்ட்ட இப்பிடியா கேக்கிறது?"

"இன்னொருத்தர்ட்டயும் காட்டுவம் மகன்" என்றாள் நஃபீஸா.

அன்று வீட்டில் பெரிய வாக்குவாதம். ஃபைஸல் கெட்டவன் இல்லை, பயந்தவன். "அவருக்குத் தெரிஞ்சா கோவிப்பாரு. மறுவாத் திரும்பிப் போக எங்களுக்கு முகம் இரிக்குமா? நீங்க அலஞ்சி திரியிற நேரத்துல மாமாக்கு ஒண்டு நடந்தா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டான். ஸாஜிதா மூலையில் இருந்து அழுதாள். றஊபுக்கும் எல்லாம் எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. "வெட்டட்டும் நஃபீஸா. போய் முடிச்சிருவம்" என்றார். அவள் எல்லோரையும் பேசவிட்டாள். கடைசியில், "நான் பதில் சொல்றன். அல்லாஹ்ட்டயும் நான்தான் சொல்றன்" என்றாள்.

யாரிடம் காட்டுவது? சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து பாலாவியில் குடியிருந்த தவமலர், நஃபீஸாவிடம் மரக்கறி வாங்கிச் சந்தையில் விற்பவள். அவளுடைய புருஷனுக்குச் சலக்கடுப்பு வந்து கொழும்பு அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தது நஃபீஸாவுக்கு ஞாபகம் வந்தது. "குலசேகரம் எண்டு ஒரு டொக்டர். கண்டபடி ஏசுவார் அக்கா, மனம் நோகக்கூடாது. ஆனா வடிவாப் பாக்காம ஒண்டும் சொல்லமாட்டார்" என்றாள் தவமலர். ஏசுகிற டொக்டர் என்றதும் றஊப் பின்வாங்கினார். நஃபீஸாவுக்கு அதுவே பிடித்துப்போயிற்று.

ஆனால் கொழும்புக்குப் போக, முதல் டொக்டரிடம் இருந்த படங்கள் வேண்டும். காய்ச்சல் என்று சொல்லி நாளைத் தள்ளிவிட்டு, படத்தை வேறொரு சாட்டில் வாங்கிவிடலாம் என்று ஃபைஸல் வழி சொன்னான். நஃபீஸா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "லொறிக்காரன்ட கண்ணுக்கு முன்னாலதான் நான் மத்தத் தராசுல வெக்கிறன். களவா வெச்சாப் பொறகு அவனும் நானும் ஒண்டுதான்."

அப்படியே றஊபையும் இழுத்துக்கொண்டு போய் அந்த டொக்டருக்கு முன்னால் நின்று, "நாங்க கொழும்புலயும் ஒருக்காக் காட்டப் போறம் டொக்டர். படத்தத் தாங்க" என்றாள். டொக்டரின் முகம் சுருங்கியது. "என்னில நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். றஊப் தரையைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது அவருக்கு.

"நம்பிக்கை இல்லாட்டிச் சொல்லாமப் போயிரிப்பன்" என்றாள் நஃபீஸா. குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. "எனக்கு இவர் ஒரு மனுஷன்தான் இரிக்கார் டொக்டர்."

டொக்டர் படங்களை எடுத்துக் கொடுத்தார். "பிந்தாதீங்க" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தபோது றஊபின் கூச்சம் எங்கோ போயிருந்தது. முப்பது வருஷத்தை நெருங்கும் தாம்பத்தியத்தில் அவள் அவரைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைச் சொல்ல ஒரு டொக்டர் தேவைப்பட்டிருக்கிறார்.

புத்தளம் ஸ்டேஷனில் கோச்சி ஏறினார்கள். சிலாபம் தாண்டித் தென்னந்தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. யன்னலைப் பார்த்தபடியே நஃபீஸா பேசினாள். "நான்தான் பீட்ரூட் எண்டு சொன்னன். ஊரான்ட மூட்டையெல்லாம் ரெண்டு தரம் நிறுத்தன். உங்கட ரத்தத்த ஒரு தரமும் பாக்கல்ல."

"நானும் சொல்லல்லயே" என்றார் றஊப்.

"நீங்க சொன்னீங்க. நான் கத்தியப் பாத்துக்கிட்டு இருந்தன்."

டொக்டர் குலசேகரம் நரைத்த தலையோடு ஒல்லியாக இருந்தார். வந்ததும் வராததுமாய் றஊபின் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த பீடிக் கட்டைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். "இதைக் குடிச்சுக்கொண்டு என்னட்ட வரவேண்டாம்" என்று ஏசினார். முதல் இரத்தம் எப்போது என்று கேட்டபோது, றஊப் வாயைத் திறப்பதற்குள் நஃபீஸா பீட்ரூட் கதை முழுவதையும் சொன்னாள். தன் பிழையை ஒரு சொல் குறைக்கவில்லை. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவளை அவர் ஏசவில்லை.

படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது என்னண்டு இந்தப் படத்தை வைச்சு எனக்கும் சொல்லேலாது. சலம் போற வழியால கமரா விட்டுப் பாப்பம். ஏலுமெண்டால் சுரண்டி எடுத்து, துண்டைச் சோதிக்க அனுப்புவம். வேர் ஆழமா ஓடியிருந்தா அந்த டொக்டர் சொன்னதைத்தான் நானும் செய்யவேண்டி வரும். அதையும் இப்பவே கேட்டு வைச்சிருங்கோ."

"பேர் தெரிஞ்ச பொறகு என்னத்தையும் செய்யுங்க" என்றாள் நஃபீஸா.

சுரண்டி எடுத்தார்கள். சோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாரும் பெருநாளைப் பற்றிப் பேசவில்லை. றஊப் இரவும் பகலும் பாயில் கிடந்தார், பீடிக்கு மனது ஏங்கியது. முடிவு வந்த அன்று டொக்டர் குலசேகரம் முதல் தடவையாகச் சிரித்தார். கட்டி கெட்ட சாதிதான், ஆனால் மேலோடு நின்றுவிட்டது. உள்ளே வேர் ஓடவில்லை. சலப்பையை எடுக்கத் தேவையில்லை. திரும்ப முளைக்கக்கூடிய சாமான் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை கமரா விட்டுப் பார்க்கவேண்டும். அதில் மட்டும் ஏமாற்றக்கூடாது.

ஃபைஸல் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று ஊருக்கெல்லாம் ஃபோன் பண்ணினான். மாமியைப் பார்த்து, "நீங்க சொன்னதுதான் சரி மாமி" என்று கண் கலங்கச் சொன்னான். றஊப் ஒரு மூலை தேடி இரண்டு ரக்அத் தொழுதார். நஃபீஸா முடிவுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"இத இன்னொருத்தர்ட்டயும் காட்டுவம்" என்றாள்.

ஃபைஸல் தலையில் கை வைத்தான். "மாமி! நல்ல செய்தியயுமா?"

"பீட்ரூட் எண்டு நான் சொன்னதும் நல்ல செய்திதான் மகன்."

அவள் காட்டப் போனது வேறு யாரிடமும் இல்லை, முதல் டொக்டரிடம். அவரைவிட இதில் குறை கண்டுபிடிக்க ஆசைப்படுகிற ஆள் யார் இருக்கிறார் என்பது அவளுடைய கணக்கு. அவர் ஏதாவது ஏசினால் என்ன செய்வது என்று றஊப் வழிநெடுகப் பயந்துகொண்டே போனார். டொக்டர் தாளை வாங்கிப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சரிதான். நல்லாச் செஞ்சிரிக்காங்க. பயப்படத் தேவல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் ஏன் முழுசா எடுக்கச் சொன்னன் எண்டு தெரியுமா அம்மா? தூர எடத்துல இருந்து வாறவங்க, சுகமானாத் திரும்பிக் காட்ட வாறதில்ல. கட்டி முத்தின பொறகுதான் வாறாங்க. ஒரேயடியா எடுத்தா ஆள் மிஞ்சும் எண்டு நினச்சன். ஆனா முதல்ல துண்டு எடுத்துப் பாத்திருக்கணும். அது என்ட பிழை" என்றார். பெரிய மனிதர் ஒருவர் அப்படிச் சொல்லி றஊப் அதுவரை கேட்டதில்லை.

"நாங்க வருவம் டொக்டர்" என்றாள் நஃபீஸா. "விடாம வருவம்."

வெளியே நடைவழிக்கு வந்ததும் அவள் சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். முந்தாணியால் முகத்தை மூடிக்கொண்டு, புத்தளம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள். நாலு பேர் பார்க்கப் பெண்சாதியின் கையைத் தொட்டறியாத றஊப், பக்கத்தில் இருந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஃபைஸல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பெண்ணைக் கட்டுவதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று றஊப் அன்றைக்கு மனமாரச் சொல்லிக்கொண்டார்.

இப்போதும் அவர்கள் பீட்ரூட் போடுகிறார்கள். வேலிக்கு வேலி அந்தக் கீரைதான் சிவந்து நிற்கிறது. வீட்டுச் சட்டிக்குள் மட்டும் ஒரு துண்டு வருவதில்லை. இனிச் சிவந்தால் அது எதனால் என்று ஒரு சந்தேகமும் இருக்கக்கூடாது என்பது நஃபீஸாவின் சட்டம். பீட்ரூட் கறி என்றால் உயிரை விடுகிற றஊப், முதலில் கெஞ்சிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். கக்கூஸ் கதவோரம் ஒரு கண்ணாடிப் போத்தல் வைத்திருக்கிறாள். காலையில் அதில் சலம் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். "தெளிவா இரிக்கு" என்று அவர் உள்ளேயிருந்து சொன்னால் போதாது, அவளும் வாங்கிப் பார்ப்பாள். தொடக்கத்தில் அந்த மனிதர் வெட்கத்தில் குறுகிப்போனார்.

சென்ற வருஷம் ஸாஜிதாவுக்குப் பிள்ளை கிடைத்தபோது நஃபீஸா புத்தளத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். யன்னல் ஓரத்தில் போத்தல் மூடியபடி இருந்தது.

"இது என்னத்துக்கு இன்னும் இஞ்ச இரிக்கு?" என்று கேட்டாள்.

"காலையில பிடிச்சது. பாத்தன். தெளிவுதான்" என்றார் றஊப்.

"தெளிவெண்டா ஊத்திக் கழுவி வெச்சிரிக்கலாமே. என்ன மனுஷன் நீங்க!"

றஊப் தலையைச் சொறிந்தார். "நான் ஒராள்தானே பாத்தன்" என்றார்.

நஃபீஸா பையைக் கீழே வைத்தாள். போத்தலை எடுத்து மேற்கு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பார்க்கவேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றாள். "தெளிவுதான்."